வீட்டைச் சுற்றித் தோட்டம்: நாமே போடுவதா, ஆள் வைப்பதா? மதுரைப் பக்கத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

திருப்பாலை, ஆனையூர், நாகமலை புதுக்கோட்டை என்று மதுரையைச் சுற்றி எங்கே புது வீடு கட்டினாலும் கிரகப்பிரவேசம் முடிந்த மறு வாரமே ஆரம்பிக்கிற பேச்சு இது. "முன்னாடி கொஞ்சம் புல்லு, ஓரமா நாலு செடி, நடந்து போக ஒரு பாதை, எவ்வளவு ஆகும்?" ஆள் வைத்தால் தீட்டிவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நாமே செய்துவிடலாம் என்று மாமா சொல்வார். தெரியாத வேலையில் கை வைக்காதே என்று மச்சான் சொல்வார். இருவர் சொல்வதும் பாதி சரி, ஏனென்றால் தோட்டம் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் பத்துப் பன்னிரண்டு வேலைகள் இருக்கின்றன. அதில் சிலதைத் தெரியாமல் செய்தால் வீட்டு அஸ்திவாரத்துக்கே தண்ணீர் போகும், சிலதுக்கு ஆள் வைப்பது வெட்டிச் செலவு.

அதனால் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே முடிவாக எடுக்காதீர்கள், வேலை வேலையாகப் பிரித்து எடுங்கள். அப்புறம், போடுகிற செலவை மட்டும் பார்க்காமல், சித்திரை வைகாசியில் அதற்கு யார் தண்ணீர் ஊற்றப்போகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நான் பார்த்தவரை மதுரையில் காய்ந்துபோன தோட்டங்களில் முக்கால்வாசி, நன்றாகப் போட்ட தோட்டங்கள்தான். போட்டவர் போன பிறகு பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

முதல் வேலை: தண்ணீர்க் கணக்கு

நர்சரிக்குப் போகுமுன், கான்ட்ராக்டருக்கு போன் போடுமுன் இதை முடித்துவிடுங்கள். மதுரைக்கு வருஷத்துக்குச் சுமார் 850 மி.மீ. மழை. அதில் பாதிக்குப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். தை முதல் பங்குனி வரை வானத்தை நம்ப முடியாது.

வெயில் காலத்தில் புல்தரை ஒரு நாளைக்குச் சுமார் 5 முதல் 6 மி.மீ. தண்ணீரைக் குடிக்கும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்றால் 1 லிட்டர். ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஆக, இந்த ஆயிரம் சதுர அடி, அதாவது சுமார் இரண்டேகால் சென்ட் புல்லுக்குத் தினமும் 450 முதல் 550 லிட்டர் வரை வேண்டும். நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று குடிநீர்த் திட்டங்களுக்குக் கணக்கு வைக்கிறார்கள். அதன்படி பார்த்தால், நாலு பேர் உள்ள ஒரு குடும்பம் குளித்து, துவைத்து, சமைத்துச் செலவழிக்கிற தண்ணீரை அந்தப் புல் ஒன்றே குடித்துவிடும். உங்கள் போர் மே மாதத்தில் அரை மணி நேரம் ஓடி மூச்சு வாங்குகிற போர் என்றால், லாரித் தண்ணீர் வாங்கிப் புல் வளர்க்கிற அளவுக்கு வசதி இருந்தாலும் அக்கம்பக்கத்தில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். இந்த ஒரு கணக்கிலேயே பாதிப் பேருக்கு "புல்லுக்கு ஆள் வைப்பதா வேண்டாமா" என்ற கேள்வி காணாமல் போய்விடும்.

அளவு போக, தண்ணீரின் தரமும் உண்டு. மதுரையைச் சுற்றி நிறைய இடங்களில் போர்த் தண்ணீர் உப்பு. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டி.டி.எஸ். பேனா மீட்டர் ஒன்று வாங்கி அல்லது ஆர்.ஓ. சர்வீஸுக்கு வருகிறவரிடம் சொல்லிப் பார்த்துவிடுங்கள். 1000-ஐத் தாண்டினால் எலுமிச்சை, ரோஜா மாதிரிச் செடிகள் சுணங்க ஆரம்பிக்கும். இட்லிப்பூ இலை மஞ்சளடித்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். 2000-ஐத் தாண்டினால் சப்போட்டா, தென்னை, நெல்லி என்று தாக்குப்பிடிக்கிற மரங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கடினத் தண்ணீரை மாற்றுகிற சாஃப்ட்னர் போட்ட வீடுகளில் அந்தத் தண்ணீரைச் செடிக்கு விடவே கூடாது, அதில் சோடியம் ஏறியிருக்கும். செடிக்கான லைனை சாஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரித்துவிடச் சொல்லுங்கள். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரையும் வாசல் கழுவுவதோடு நிறுத்துங்கள்.

அடுத்தது: கடப்பாரையோடு ஒரு சுற்று

புது வீட்டைச் சுற்றி நீங்கள் பார்ப்பது மண் மாதிரி இருக்கும். மேலே இரண்டு அங்குலம்தான் மண்ணாக இருக்கும். கடப்பாரையை எடுத்து வீட்டைச் சுற்றி ஏழெட்டு இடத்தில் ஓங்கிக் குத்திப் பாருங்கள். ஓர் அடி நழுவி இறங்கினால் மண். நங்கென்று நின்றால் செங்கல் துண்டு, ஓட்டுத் துண்டு, இறுகிப்போன கலவை. சரசரவென்று மணல் உரசும் சத்தத்தோடு அரை அடி போய் நின்றால் மனையை உயர்த்த அடித்த கிராவல். கிராவலில் செடி வைத்தால் வேர் பிடிக்கக் கஷ்டப்படும், தண்ணீரும் நிற்காது. நிறைய இடத்தில் வேலைக்காரர்கள் இதன் மேல் நாலு விரற்கடை செம்மண்ணைப் பரப்பிப் புல்லை விரித்துவிட்டுப் போய்விடுவார்கள். முதல் மூன்று மாதம் பச்சைப் பசேலென்று இருக்கும், அப்புறம் திட்டுத் திட்டாகக் காயும்.

கூடவே ஓர் அடிக்கு ஓர் அடி குழி தோண்டி, ஒரு தடவை தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிந்தால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் நின்றால் அங்கே வடிகால் வேலை இருக்கிறது. அது தெரிந்த ஆளுக்கான வேலை.

இதில் நீங்கள் இருக்கும் பக்கமும் முக்கியம். மேலூர், அழகர்கோவில் பக்கம் செம்மண், கொத்துவதற்குச் சுலபம், ஆனால் கரையான் தொல்லை. சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் வயலை மனையாக்கிய இடங்களில் வண்டல், எதை நட்டாலும் வரும், ஆனால் மழைக்குத் தண்ணீர் கட்டும். திருமங்கலம், பேரையூர் பக்கம் கரிசல். கரிசல் நனைந்தால் உப்பிக்கொள்ளும், காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் சும்மா கல் பதித்தால் இரண்டு மழைக்குள் மேடும் பள்ளமுமாகிவிடும். கரிசல் மனையில் பாதை, தளம், சுவர் எதுவாக இருந்தாலும் நீங்களே செய்கிற யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள்.

பெரிய இடம் என்றால், ஐந்தாறு இடத்தில் அரை அடி ஆழத்துக்கு V வடிவில் வெட்டி மண் எடுத்து, கலந்து, அதில் அரைக் கிலோவைப் பையில் போட்டு மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஒத்தக்கடையில் வேளாண்மைக் கல்லூரி 1965-இலிருந்து இருக்கிறது, வேளாண் அறிவியல் நிலையமும் அங்கேதான். காசு கொஞ்சம்தான். ஆனால் மதுரையில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் இதைச் செய்து நான் பார்த்தது அபூர்வம். கிரானைட் கலருக்கு நாலு கடை ஏறி இறங்குவார்கள், மண்ணை மட்டும் கேட்க மாட்டார்கள்.

காகிதத்தில் வரையுங்கள்

கணக்கு நோட்டுக் காகிதம் போதும். வீடு, காம்பவுண்டு, சம்ப், செப்டிக் டேங்க், போர், மழைநீர்க் குழி, இ.பி. கேபிள் வரும் வழி, தண்ணீர்க் குழாய் போகும் வழி எல்லாவற்றையும் குறியுங்கள். வீடு கட்டிய மேஸ்திரி இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது, அடுத்த சைட்டுக்குப் போய்விட்டால் அவருக்கே மறந்துவிடும். மழைநீர்க் குழியைக் கட்டாயம் குறியுங்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கியதிலிருந்து எல்லா வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கும், தோட்டம் போடுகிறவர்கள் முதலில் மூடுவதும் அதைத்தான்.

அப்புறம் காலை ஒன்பது, பகல் ஒரு மணி, மாலை நாலு என்று மூன்று நேரமும் வெயில் எங்கே விழுகிறது என்று குறியுங்கள். மேற்கு வெயில் நேராக அடிக்கிற சுவரோரம் அரேகா பாம் வைத்தால் ஓலை நுனி கருகும், அதை எந்த நிபுணரும் காப்பாற்ற முடியாது. கடைசியாக, என்னென்ன வேலை என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். தப்பாகிவிட்டால் பிடுங்கிவிட்டுத் திரும்பச் செய்ய முடியுமா? தப்பானது உடனே கண்ணுக்குத் தெரியுமா, மண்ணுக்கடியில் ஒளிந்துகொள்ளுமா? திரும்பச் செய்ய முடிகிற, கண்ணுக்குத் தெரிகிற வேலையெல்லாம் உங்களுடையது. மற்றதற்கு ஆள்.

ஆள் வைத்தே ஆக வேண்டியவை

மண் வேலைதான் முதலில். இங்கே எல்லோரும் அளவை ஏமாந்து மதிப்பிடுவார்கள். ஆயிரம் சதுர அடிக்கு அரை அடி உயரம் மண் போட வேண்டும் என்றால் 500 கன அடி. ஒரு யூனிட் 100 கன அடி, ஆக ஐந்து யூனிட். ஒரு யூனிட் ஏறக்குறைய நாலு டன் வரும். இருபது டன் மண்ணைத் தெருவிலிருந்து பின்பக்கம் வரை இரும்புச் சட்டியில் சுமப்பது வார விடுமுறைப் பொழுதுபோக்கு ஆகாது. லாரி மண் வாங்கும்போது நடைச்சீட்டு (மண் ஏற்றி வருவதற்கான அரசு அனுமதிச் சீட்டு) இருக்கிறதா என்று கேளுங்கள், அதோடு மண்ணைக் கையில் அள்ளிக் கிளறிப் பாருங்கள். சுண்டைக்காய் அளவில் கருப்பாக, உள்ளே வெள்ளையாக, கிள்ளினால் மணக்கிற கிழங்கு தட்டுப்பட்டால் அது கோரைக் கிழங்கு. அந்த லோடை அப்படியே திருப்பி அனுப்புங்கள். கோரை ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால், மேலே எவ்வளவு பிடுங்கினாலும் கீழே கிழங்கு சங்கிலியாக ஓடிக்கொண்டிருக்கும். புல்தரை போட்டு ஆறே மாதத்தில் கைகழுவிய வீடுகளில் நான் பார்த்த காரணம் பெரும்பாலும் இந்த ஒரு களைதான்.

காலி மனையில் சீமைக் கருவேலம் நின்றால் அதுவும் ஜே.சி.பி. வேலை. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே இந்த மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது ஞாபகம் இருக்கலாம். அரிவாளால் வெட்டிவிட்டால் அடிக்கட்டையிலிருந்து முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும், தூரோடு பறிக்க வேண்டும். குவித்து வைத்த கல், முள், ஓடு எல்லாவற்றையும் முதல் நாளே அள்ளச் சொல்லுங்கள். பாம்பு தங்குகிற இடம் அது, கை விட்டு எடுக்காதீர்கள்.

வாட்டம் எடுப்பது, அதாவது தண்ணீர் ஓடத் தரைக்குச் சரிவு கொடுப்பது, இரண்டாவது. வீட்டுச் சுவரிலிருந்து வெளியே பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது இறக்கம் வேண்டும். அனுபவமுள்ள கொத்தனார் இதற்கு வைத்திருப்பது கையடக்கமான சாமான்தான், கண்ணாடி மாதிரி தெரிகிற டியூப். அதில் தண்ணீர் விட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் தட்டிவிட்டு, ஒரு முனையைச் சுவரில் போட்ட கோட்டோடு சித்தாள் பிடிக்க, இவர் மறுமுனையோடு காம்பவுண்டு ஓரம் போய் உட்காருவார். தண்ணீர் ஆடி அடங்கியதும் பென்சிலால் ஒரு கோடு. இரண்டு கோட்டிலிருந்தும் தரைவரை டேப் பிடித்தால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்லிவிடலாம். "தண்ணி இங்கிட்டுத்தாண்ணே ஓடும், நீங்க வாசப் பக்கம் தள்ளணும்னா அங்கிட்டு முக்கா அடி வெட்டணும்" என்று அவர் சொல்கிற அந்த முக்கால் அடி, கண்ணால் பார்க்கிற நமக்குத் தெரியவே தெரியாது. கண்ணுக்கு வாசல் பக்கம் சரிவாகத் தெரிகிற மனை, டியூப் வைத்துப் பார்த்தால் வீட்டுப் பக்கம் சரிந்திருப்பது சகஜம்.

மூன்றடிக்கு மேல் மண்ணைத் தாங்குகிற சுவர் என்றால் இன்ஜினியர் பார்க்காமல் கட்டக் கூடாது, தண்ணீர் வெளியேற ஓட்டை விடாமல் கட்டுகிற கொத்தனாரை வைக்கவும் கூடாது. தோட்ட விளக்கு, பம்பு லைன் எல்லாம் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனுக்கு. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்துகிற சுவிட்ச்) போட்டு, இரும்புக் கவசம் உள்ள ஆர்மர்டு கேபிளை ஆழமாகப் புதைத்துத்தான் கொடுக்க வேண்டும், ஈரமண்ணில் வெறுங்காலோடு நிற்பது நம் வீட்டுப் பிள்ளைகள். மின்கம்பியை உரசுகிற கிளை என்றால் மரம் வெட்டுகிறவரையும் கூப்பிடாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான்.

கார் ஏறுகிற பேவர் பிளாக் தரையும் இதில்தான் சேரும். நடக்க 60 மி.மீ. கல் போதும், கார் ஏற 80 நல்லது, ஆனால் கல்லைவிட முக்கியம் கீழே போடுகிற ஜல்லிப் படுகையும் அதை மெஷின் வைத்து அடித்து இறுக்குவதும். படுகை போட்டதும் கல் பதிக்குமுன் நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்கள், பேசிய அளவு இருக்கிறதா என்று.

ஆள் வைக்க வேண்டாதவை

செடி தேர்வும் நடவும் உங்களுடையதுதான். குழி வெட்ட மட்டும் ஒரு நாள் கூலிக்கு ஆள் போதும். மரத்துக்கு மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று அடிக் குழி, ஒரு வாரம் ஆறவிட்டு, மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம், கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கு கலந்து மூடுவது, நடுவில் செடியை வைப்பது, இதில் தொழில் ரகசியம் எதுவும் கிடையாது. பச்சைச் சாணியைப் போடாதீர்கள், வண்டுப் புழுவும் களை விதையும் அதோடு வரும். நர்சரியில் செடி எடுக்கும்போது பையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வேர் பையைக் கிழித்துக்கொண்டு சுருண்டு நின்றால், எவ்வளவு உயரமாக இருந்தாலும் வேண்டாம்.

மல்லிகைக்கு மதுரையில் ஆள் வைக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ நம்மூருடையது, நாற்று பெரும்பாலும் ராமேசுவரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து வருவது. ஓர் அடிக் குழி, செடிக்குச் செடி நாலு அடி, முழு வெயில், மார்கழிக்குள் ஒரு கவாத்து. ஒன்றரை அடி விட்டு மேலே எல்லாவற்றையும் வெட்டும்போது மனசு கேட்காது, ஆனால் வெட்டினால்தான் பங்குனி சித்திரையில் பூக்கும். கறிவேப்பிலை, முருங்கை, கொய்யா, மாதுளை, சீத்தா எல்லாம் இதே வகை. முருங்கையை மட்டும் வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள், காற்றுக்கு முறிகிற மரம்.

நிழலுக்குப் புங்கை, வேம்பு நல்லது. ஆல், அரசு, அத்தி வகையறாவை, அழகுக்கு விற்கிற ஃபைகஸ் பாண்டா உட்பட, செப்டிக் டேங்க், சம்ப் பக்கம் விடாதீர்கள். கோனோகார்ப்பஸை வேலி மாதிரி அடர்த்தியாக வளரும் என்று யாராவது கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், நடக் கூடாது என்று தமிழ்நாடு அரசே சொல்லிவிட்ட மரம் அது.

சொட்டுநீரும் நீங்களே செய்யலாம், ஒருவகையில் நீங்களே செய்வதுதான் நல்லது. செடியோரம் ஓடுகிற 16 மி.மீ. லேட்டரல் குழாய், ஒரு ஃபில்டர், பட்டன் மாதிரி வெளியே குத்துகிற, மணிக்கு 4 லிட்டர் சொட்டுகிற டிரிப்பர், ஓட்டை போடுகிற சின்னக் கருவி, இவ்வளவுதான். டிரிப்பர் வாங்கும்போது திருகிக் கழற்றுகிற ரகமாகப் பாருங்கள். நம் தண்ணீரில் உப்பு படிந்து அடைக்கத்தான் செய்யும். கழற்ற முடிந்தால் வினிகரில் ஊறப்போட்டுக் கழுவி மாட்டலாம், குழாய்க்குள்ளேயே வருகிற ரகம் என்றால் குழாயையே மாற்ற வேண்டும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிற அழுத்தம் சொட்டுநீருக்குப் போதும். இருபதடி உயரத்துக்கு 0.6 பார் அழுத்தம்தான் கிடைக்கும், எனவே மண்ணிலிருந்து எழும்பிச் சுற்றுகிற ஸ்பிரிங்க்ளரை யாராவது பம்பு இல்லாமல் போட்டுத் தருகிறேன் என்றால் அவருக்கு வேலை தெரியாது என்று அர்த்தம், அதற்கு 2 பார் பக்கம் வேண்டும்.

புல்தரை: இரண்டுங்கெட்டான்

தரையைத் தயார் செய்வது ஆளுக்கு, விரிப்பது யார் செய்தாலும் சரி, வளர்ப்பது உங்களுக்கு. கொரியன் புல் மெத்தை மாதிரி இருக்கும், மெதுவாக வளரும், அதனால் வெட்டு குறைவு. ஆனால் அந்த மெதுவான வளர்ச்சியாலேயே களை முந்திக்கொள்ளும், முதல் வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து பிடுங்க வேண்டும். மாமர நிழலில் கொரியன், பெர்முடா இரண்டுமே சரிவராது, எருமைப்புல்தான் ஓரளவு தாங்கும். பெர்முடா என்று காசு வாங்கிக்கொண்டு விற்பது, பிள்ளையாருக்குச் சாத்துகிற நம் அருகம்புல்லின் இனமேதான். வெயில் படுகிற இடத்தில் குறைந்த தண்ணீருக்கு அதை மிஞ்ச முடியாது.

என் கருத்தைக் கேட்டால், மதுரையில் 200 சதுர அடிக்கு மேல் புல் போடுவதற்குப் பிள்ளைகள் விளையாடுவதைத் தவிர வேறு நல்ல காரணம் இல்லை. அதற்குப் பதில் வெள்ளைக் கூழாங்கல் கொட்டுகிறார்கள், அதுவும் பகலில் கண்ணைக் கூசி, ராத்திரி பத்து மணிவரை சூட்டைக் கக்கும். இரண்டு புங்கை நட்டு, கீழே மண் தரையாகக் கூட்டி வைத்திருப்பது எவ்வளவோ மேல்.

காசு, நேரம்

நாமே செய்தால் கூலி மிச்சம் என்று மட்டும் கணக்குப் போடுவோம். மண்வெட்டி, கவாத்துக் கத்தரி, தள்ளுவண்டி வாடகை, ஒவ்வொரு தடவையும் நர்சரிக்குப் போகிற ஆட்டோச் செலவு, பட்டுப்போகிற செடி, இதெல்லாம் தனியாக எழுதுங்கள். பெரிய செலவு நேரம். ஒரு சென்ட் இடம் என்றால் குடும்பமே சேர்ந்து சில ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிடலாம். மூன்று சென்ட்டைத் தாண்டினால், பாதியில் நின்றுபோன வேலைக்குள் களை புகுந்து, முதலில் செய்ததையே திரும்பச் செய்கிற நிலை வந்துவிடும். இடுப்பு வலி உள்ளவர்களும், வாரத்தில் ஆறு நாள் கடை திறக்கிறவர்களும் இந்த விஷயத்தில் வீராப்பு பேச வேண்டாம்.

மறுபக்கம், ஆள் வைத்தால் போடுகிற செலவோடு முடியாது. மாதப் பராமரிப்பு என்று ஒன்று வரும். அதை மூன்று வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், சில வீடுகளில் அது போட்ட செலவையே தாண்டும். பராமரிப்புக்குக் காசு ஒதுக்க முடியாது, தினமும் அரை மணி நேரமும் ஒதுக்க முடியாது என்றால் தோட்டத்தின் அளவைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

நிறையப் பேருக்குச் சரிப்படுகிற நடு வழி ஒன்று உண்டு. லேண்ட்ஸ்கேப் வரைகிறவரிடம் வரைபடம் மட்டும் காசு கொடுத்து வாங்குவது. வாட்டம், குழாய், மரம் நிற்கும் இடம், செடிப் பட்டியல் எல்லாம் அதில் வந்துவிடும். மண் வேலைக்கு ஒரு ஆள், கல் வேலைக்கு ஒரு ஆள், மீதியை நீங்கள் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆள் பிடிப்பது

தோட்டம் போடுகிறேன் என்று வருகிறவர்கள் பல ரகம். நர்சரிக்காரர் செடியில் கெட்டி, வாட்டத்தில் சுமார், தன்னிடம் தேங்கியிருக்கிற செடியைத்தான் உங்கள் வரைபடத்தில் நடுவார். கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டரில் படம் காட்டுவார்கள், வேலைக்கு வெளியாளைத்தான் அனுப்புவார்கள். தினக்கூலித் தோட்டக்காரருக்கு நம்மூர் மண்ணும் பூச்சியும் அத்துப்படி, ஆனால் திட்டம் நீங்கள் கொடுக்க வேண்டும்.

யாராக இருந்தாலும் அவர் போன மாதம் போட்ட தோட்டத்தின் போட்டோவைப் பார்க்காதீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் போட்ட வீடு எங்கே என்று கேட்டு, முடிந்தால் ஏப்ரல் மே மாதத்தில் போய் அந்த வீட்டம்மாவிடம் பேசுங்கள். "அக்கா, இவங்க போட்டதுல எது நிக்குது, எது போச்சு?" என்று கேட்டால் போதும், கொட்டித் தீர்த்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் முதல் நாளே நிறைந்து தெரிய வேண்டும் என்று முக்கால் அடிக்கு ஒரு செடியாக நெருக்கி நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த வருஷம் மாவுப்பூச்சி பிடித்துப் பாதியைப் பிடுங்கிப் போட்டார்கள். செடி எண்ணிக்கைக்குத்தான் பில், பிறகு நெருக்கித்தானே நடுவார்கள்.

எழுத்தில் வாங்க வேண்டியது

"சதுர அடிக்கு இவ்வளவு" என்று ஒற்றை வரியில் வருகிற கொட்டேஷனை வாங்காதீர்கள். இதெல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும்:

- மண் எத்தனை யூனிட், என்ன மண், எத்தனை அங்குலம்
- செடியின் பெயர், பை அளவு, எண்ணிக்கை, செடிக்குச் செடி இடைவெளி
- புல் என்ன ரகம், பாயாக விரிப்பதா, பிரித்து ஊன்றுவதா
- பேவருக்குக் கீழே படுகை எத்தனை அங்குலம், மெஷின் அடிப்பது உண்டா
- வேலை நடக்கும்போது தண்ணீரும் கரண்டும் யாருடையது
- குப்பை, கட்டட இடிபாடு அள்ளிப் போவது யார்
- பட்டுப்போன செடியை எத்தனை நாள் வரை மாற்றித் தருவார்

கடைசி வரிதான் பேரத்தில் முக்கியம். 90 நாள் கேளுங்கள். பணத்தை முன்பணம், மண் வேலை முடிந்ததும், நடவு முடிந்ததும் என்று பிரித்து, பத்து அல்லது பதினைந்து சதவீதத்தை அந்த 90 நாள் வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் தன் செடி மீது தனக்கே நம்பிக்கை இல்லாதவர். விலையில் அடித்துப் பேசாதீர்கள், அடித்தால் மண் உயரத்தில்தான் குறைப்பார். அதைவிட, வேலையில் ஒன்றிரண்டை நீங்கள் எடுத்துக்கொண்டு பில்லைக் குறைப்பது இரு தரப்புக்கும் நல்லது.

எப்போது தொடங்குவது

மண் வேலை, வாட்டம், சுவர், கல் எல்லாம் ஆனி ஆடிக்குள் முடிய வேண்டும். ஈர மண்ணில் ஜே.சி.பி. இறங்கினால் மண் இறுகிப்போகும். மரக் குழிகளை ஆவணியில் வெட்டிப் போடுங்கள். நடவு புரட்டாசியிலிருந்து ஐப்பசி நடு வரை. அப்போது நட்ட செடி மழையிலேயே வேர் ஓட்டிக்கொண்டு, கோடைக்குள் ஓரளவு தன் காலில் நிற்கும். மாசிக்கு மேல் நடச் சொல்லி யார் தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். பொங்கலை ஒட்டிய ஜல்லிக்கட்டு வாரத்திலும், அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்திலும் வேலைக்கு ஆள் வருவார் என்று நாள் குறிக்க வேண்டாம், முன்பணம் கொடுத்திருந்தாலும் வரமாட்டார்.

வேலை முடிந்து கணக்கு முடிக்குமுன், ஆள் வைத்துச் செய்த குழாய், கேபிள், வடிகால் எல்லாவற்றையும் மூடுவதற்கு முன்னால் டேப்பைப் பக்கத்தில் வைத்து போட்டோ எடுத்து, உங்கள் வரைபடத்தில் சுவரிலிருந்து எத்தனை அடி என்று எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் மாங்கன்று வைக்கக் கடப்பாரையைத் தூக்கும்போது எங்கே குத்தக் கூடாது என்று அந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.